மக்கிளவுட்: சொல் விளக்கம்

மக்கிளவுட் என்பது லியோட் என்பவனின் வழிவந்தோர் தாங்கும் ஸ்காட்லாந்துக் குடிப்பெயர்.

ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் 'மக்' என்றால் மகன். லியோட் என்பது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'லியோத்ர்' என்ற ஆள்பெயர். அதன் பொருள் அழகற்றவன். பிச்சை, குப்பை என்று பிள்ளைக்குப் பெயர் வைத்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை.

கேலிக் தலையும் நார்ஸ் உடலும் ஒட்டியது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளில். வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் குடியேறியதால் கேலிக்காரர்கள் அவற்றை 'அந்நியர் தீவுகள்' என்றே அழைத்தார்கள். 1266இல் பெர்த் உடன்படிக்கையின்படிதான் நோர்வே அவற்றை ஸ்காட்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது. லியோட் வாழ்ந்தது அந்த 13ஆம் நூற்றாண்டில். அவன் மான் தீவின் அரசன் கருப்பு ஓலாவின் மகன் என்பது குடிவழக்கு. ஆய்வாளர் பலர் இதை ஏற்பதில்லை. ஆனால் மக்கிளவுட் குடியின் இரு கிளைகளின் முதல்வர்களான டோர்மோட், டோர்குவில் இருவர் பெயரிலும் நார்ஸ் இடிக்கடவுள் தோர் இருக்கிறான். நார்ஸ் தொடர்புக்கு அரச வம்சக் கதையைவிட இது நம்பத்தக்க சான்று.

டோர்மோட் கிளைக்கு ஹாரிஸ் தீவும், ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையும். டோர்குவில் கிளைக்கு லூயிஸ், ராசே தீவுகளும், பெருநிலத்தின் அசின்ட் பகுதியும். டொனால்ட் டிரம்பின் தாய் மேரி ஆன் மக்கிளவுட் லூயிஸில் பிறந்தவர். நிலவுடைமையாளர்கள் ஆட்டுப்பண்ணைக்காகக் குடியானவர்களை வெளியேற்றிய காலத்தில் பெயரும் கப்பலேறியது. அசின்ட் போதகர் நார்மன் மக்கிளவுட் 1817இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். அங்கும் பஞ்சம் வர, முதுமையில் தம் கூட்டத்தாரோடு ஆஸ்திரேலியா வழியாக நியூசிலாந்தின் வைப்பூ என்ற ஊரில் குடியேறினார்.

தமிழில் இதை 'லியோட் மகனார்' எனலாம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று சங்கப் பாடல்களில் காண்பதும் இந்த அமைப்புத்தான். ஒரு வேறுபாடு: நக்கீரனாரோடு நின்றுவிடும் அந்த 'மகனார்', மக்கிளவுட்டில் பேரன் கொள்ளுப்பேரன் வரை தொடர்கிறது. ஆகவே தந்தைப்பெயர் என்பதைவிடக் குடிப்பெயர் என்பதே சரி. பெண்ணுக்குக் கேலிக்கில் 'மக்' வராது. 'நிக்' வரும், 'நிக் லியோட்'.

'மக்', 'மகன்' ஒலியொற்றுமையைப் பார்த்து உடனே உறவு கொண்டாட வேண்டாம். அயர்லாந்தின் ஓகம் என்ற பழைய கோட்டெழுத்துக் கல்வெட்டுகளில் 'மக்' என்ற சொல் 'மக்கி'. கேலிக்கின் உறவுமொழியான வெல்ஷில் 'மாப்'. இவற்றின் மூதாதை மொழியான பழங்கெல்டிக்கில் இருந்த 'க்வ' ஒலி ஓரிடத்தில் 'க்' ஆகவும் ஓரிடத்தில் 'ப்' ஆகவும் திரிந்திருக்கிறது. தமிழ் 'மகன்' அந்த வழியில் வந்ததல்ல.

எழுத்து விஷயத்தில் ஒன்று. ஆங்கில உச்சரிப்புப்படி மக்கிளவுட் என்றே நான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து இணுவிலில் அமெரிக்க மிஷன் நிறுவிய மருத்துவமனைக்கும் இதே பெயர்தான். அதை எழுத்துக்கூட்டி மக்லியோட் என்று படிப்பவர்களைத் திருத்தப் போக வேண்டாம். நார்ஸ் லியோத்ருக்கு அவர்கள் வாயில் வருவதே நெருக்கம்.