கையைத் தூக்கிப் பாருங்கள்

கலியாணக் காலம் தொடங்கிவிட்டால் என் வெட்டு மேசையில் துணிக்குப் பக்கத்தில் யாராவது ஒருவருடைய போன் கிடக்கும். "அக்கா, இதப் பாருங்க. இதே மாதிரி வேணும்." சென்னையிலோ மும்பையிலோ எடுத்த படமாக இருக்கும். காஞ்சிபுரம் பட்டு, முதுகில் பானைக் கழுத்து வெட்டிய பிளவுஸ், நாடாவில் தொங்கும் முத்துக் குஞ்சம். படத்துப் பெண் அரைவாசி திரும்பி நிற்பார். அந்தப் படங்களை நான் உண்மையாகவே ரசித்துப் பார்ப்பேன். மட்டக்களப்பில் இந்தத் தொழிலுக்கு நான் வந்து 22 வருடமாகிறது. வந்த புதிதில் வட்டக் கழுத்து, சதுரக் கழுத்து, வீ கழுத்து, அவ்வளவுதான் கேட்பார்கள். இன்று படகுக் கழுத்து, நேரு கொலர், முழங்கை வரை வரும் கை, தோளில் உப்பும் பஃப் கை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கொண்டுவருகிறார்கள். சாதாரண பருத்திச் சேலைக்கு மாறு நிறத்தில் ஒரு நல்ல பிளவுஸ் தைத்தால் அந்தச் சேலையே புதிதாகிவிடுகிறது. இந்தியப் பெண்கள் இதில் காட்டும் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

படத்தைப் பார்த்து முடித்ததும் நான் சொல்வது ஒன்றுதான்: "இப்ப போட்டிருக்கிற பிளவுஸோட கையத் தூக்குங்க பாப்பம்."

முக்கால்வாசிப் பேரால் முழுதாகத் தூக்க முடியாது. தூக்கினால் பிளவுஸின் கீழ் விளிம்பு மார்புக்கு மேலே ஏறிவிடும். இல்லாவிட்டால் கைக்குழி, அதாவது பிளவுஸில் கை பொருத்தும் வளைவு, அக்குளை அறுக்கும். கழற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் சிவந்த கோடு, சிலருக்குக் கறுத்த தழும்பு. "பிளவுஸ் என்றா அப்பிடித்தானே அக்கா" என்பார்கள். அப்படி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிளவுஸ் எப்படி நம் உடம்புக்கு வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில், கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதானந்தினி தேவி, பம்பாயில் பார்சிப் பெண்கள் உடுத்தும் விதத்தைப் பார்த்துவிட்டு, பிளவுஸும் உள்பாவாடையும் சேர்த்துச் சேலை உடுத்தும் ஒரு முறையைத் தன் ஊரில் பரப்பினார். வீட்டுக்குள்ளேயே இருந்த பெண் வெளியே போக, நாலு பேரோடு இருந்து பேச அந்த உடுப்பு வேண்டியிருந்தது. வெளியே போய் வேலை செய்ய வந்த உடுப்பு அது. அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லை என்றால் தைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதை அதிகம் அனுபவிப்பவர்கள் ரீச்சர்மார். அவர்களுக்குச் சேலை விசேட உடுப்பு இல்லை, கிழமைக்கு ஐந்து நாள் வேலைக்குப் போடும் உடுப்பு. களுவாஞ்சிக்குடியிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ விடியவே பஸ் ஏறி, கம்பியைப் பிடித்து நின்று, காலை 7.30 முதல் பகல் 1.30 வரை பலகையில் எழுதுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கையைத் தூக்குவார்கள் என்று எண்ணிப் பார்க்க முடியாது. படத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்தத் தேவை இல்லை. படம் எடுக்கும்போது பிளவுஸ் பொருந்தாவிட்டால் முதுகில் கிளிப் போட்டு இறுக்கிவிடுவதும் வழக்கம். படத்தில் சுருக்கமே இல்லாமல் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கைக்குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை நடப்பதே அங்கேதான். கைக்குழி இறுக்கமாக இருக்கிறது என்று வருபவர்கள் "கீழ வெட்டி இறக்கி விடுங்க" என்பார்கள். இறக்கினால் அக்குள் அறுப்பது நிற்கும், ஆனால் கையைத் தூக்கும்போது முழுப் பிளவுஸும் சேர்ந்து மேலே வரும். கையும் உடம்பும் சேரும் இடம் கீழே இறங்க இறங்கக் கை அசைய இடம் குறையும் என்பது கேட்க வினோதமாக இருக்கும். உங்கள் கையை விலாவோடு ஒட்டி முழங்கை வரை ஒரு துணியால் சுற்றிவிட்டுத் தூக்கிப் பாருங்கள், புரியும். கைக்குழி அக்குளுக்குக் கிட்டவே இருக்க வேண்டும். இறுக்கத்தைப் போக்க, முன்பக்கக் கைக்குழி வளைவைச் சரியாகக் குடைய வேண்டும், கையின் மேற்பகுதிக்கு அகலம் கொடுக்க வேண்டும். மேல்கைச் சுற்றளவை அளந்து அதோடு ஒரு அங்குலமாவது கூட்டித்தான் நான் வெட்டுவேன். தைத்து முடிந்த கைக்குள் உங்கள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். முழங்கை வரை வரும் கை என்றால் கையை மடக்கி வைத்து அளக்கச் சொல்லுங்கள். நீட்டி அளந்த கை, சோறு பிசையும்போது இறுக்கும்.

அளவு கொடுக்க வரும்போது பெரும்பாலானோர் செய்வது மூச்சை உள்ளே இழுத்துப் பிடிப்பது. "மூச்ச விடுங்க தங்கச்சி, நீங்க நாள் முழுக்கப் போடப் போற சட்டை இது" என்று சொல்லித்தான் டேப்பை எடுப்பேன். எந்த உள்ளாடையோடு அந்தப் பிளவுஸைப் போடப் போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு வாருங்கள். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பலருக்கு மார்பு கொஞ்சம் வீங்கும். அந்த நேரத்தில் அளந்தால் என்னிடம் சொல்லுங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை. பழைய பிளவுஸைக் கொடுத்து "இதே அளவு" என்பவர்களிடம் அது எத்தனை வருடத்துப் பிளவுஸ் என்று கட்டாயம் கேட்பேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்மாருக்கு இன்னொன்று: முதுகில் ஹூக்கோ சிப்போ வைத்த டிசைன் படத்தில் அழகுதான், ஆனால் கலியாண வீட்டில் பிள்ளை அழும்போது என்ன செய்வீர்கள்? முன்னால் ஹூக் வைத்து, அதை மறைக்கும் விதமாக ஒரு பட்டியை மேலே மடித்துத் தைக்கலாம். கேட்டால் எந்தத் தையல்காரரும் செய்து தருவார்.

கழுத்துக்கு வருவோம். முதுகை ஆழமாக வெட்டுங்கள் என்றால் நான் தயங்காமல் வெட்டுவேன். ஆனால் முன்னும் பின்னும் இரண்டையும் ஆழமாகக் கேட்டால் மறுத்துவிடுவேன். பிளவுஸ் தொங்குவது தோளில்தான். இரண்டு பக்கமும் துணி குறைந்தால் தோள் நழுவும். நழுவாமல் இருக்க நாடாவை இறுக்கிக் கட்டுவார்கள், அந்த நாடா முதுகில் பதியும். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் இறங்கட்டும். முதுகு இறங்கினால் முன் கழுத்தைப் படகுக் கழுத்துப் போல மேலே வைத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும், பார்க்கவும் மிக நேர்த்தியாக இருக்கும்.

பட்டுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சேலையோடு வரும் துண்டு பெரும்பாலும் 80 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பட்டு நெசவு இழுபடாது. இறுக்கித் தைத்தால் அது கிழிவதற்கு முன்பே தையல் ஓரத்தில் நூல்கள் விலகி, சல்லடை போலத் தெரியும். அப்படி விலகியதைத் திருப்பிச் சேர்க்க ஒரு வழியும் இல்லை. விலை கொடுத்து வாங்கிய பட்டு, இரண்டாம் முறை போடும்போதே முதுகில் இப்படி நூல் விலகி என்னிடம் வந்ததுண்டு. எனக்கு மனம் தாங்காது. பட்டுப் பிளவுஸுக்கு மார்பில் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் தளர்வு விடச் சொல்லுங்கள். துணியின் இழுவையை உள்ளே வைக்கும் லைனிங் துணி தாங்கும்படி தைக்கச் சொல்லுங்கள்.

அந்த லைனிங் பருத்தியாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மினுமினுப்பான பொலியஸ்டர் லைனிங் மலிவு, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் எங்கள் ஊரில் அது தோலோடு ஒட்டிக் கிடந்தால் வியர்க்குரு வராமல் என்ன செய்யும்? மார்கழி மழையில் கதை வேறு. பிளவுஸ் முழுதாகக் காயாது, ஈரக் கசிவோடு போட்டால் அக்குளிலும் மார்புக்குக் கீழும் படர்தாமரை வரும். பருத்தி லைனிங்கையும் வெட்டுவதற்கு முன் ஒரு தரம் தண்ணீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். தொழிலின் முதல் வருடத்தில் நான் அவசரத்தில் நனைக்காமல் வெட்டிய ஒரு பிளவுஸ், முதல் தோய்ப்பில் உள்ளே சுருங்கி வெளித்துணி முழுக்கத் திரைந்துபோய் வந்தது. அதற்கான துணியை நானே வாங்கிப் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து நனைக்காத லைனிங் என் கத்தரிக்கோலுக்குக் கீழே வந்ததில்லை.

ஹூக் படும் இடத்தில் வட்டமாகச் சிவந்து அரிப்பு வருகிறதா? ஹூக்கிலும் சேலைக்குக் குத்தும் பின்னிலும் இருக்கும் நிக்கல் என்ற உலோகம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஹூக்கின் பின்னால் பருத்தித் துணியில் ஒரு பட்டி வைத்தால் உலோகம் தோலில் படாது. அப்படி வைத்தும் மாறாவிட்டால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அப்புறம் உள்பாவாடை நாடா. பிளவுஸைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. பாரமான பட்டு நழுவிவிடுமோ என்ற பயத்தில், மெல்லிய நாடாவைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் தினமும் இறுக்கிக் கட்டுகிறார்கள். இடுப்பில் கறுத்த வளையம் விழுகிறது, தோல் உரிகிறது. 2024 இல் மகாராஷ்டிராவையும் பீகாரையும் சேர்ந்த வைத்தியர்கள் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். பல பத்தாண்டுகளாக இடுப்பை இறுக்கிக் கட்டி வந்த அவர்களுக்கு அதே இடத்தில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயாக மாறியிருந்தது. ஒருவருக்கு வயது 70, ஒன்றரை வருடமாக அந்தப் புண்ணோடு இருந்திருக்கிறார். வேட்டியை இறுக்கிக் கட்டும் ஆண்களிடமும் இதே மாதிரி வருவது இந்தியாவில் 1945 இலேயே எழுதப்பட்டிருக்கிறது. இது மிக மிக அரிதாக நடப்பது, சேலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இடுப்பில் ஆறாத புண் இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னிடம் உள்பாவாடை தைக்க வருபவர்களுக்கு இரண்டு அங்குல அகலத்தில் இடுப்புப் பட்டி வைத்து, பக்கத்தில் ஹூக் போட்டுக் கொடுக்கிறேன். பாரம் ஒரே கோட்டில் இறங்காமல் அகலமாகப் பரவும். நாடாதான் வேண்டும் என்றால் அகலமான நாடா போடுங்கள், கட்டும் இடத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் மாற்றுங்கள்.

ஆரி வேலைப்பாடு இப்போது எல்லாக் கலியாணத்திலும் இருக்கிறது. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் சரிகையும் ஏற்றும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அளவைத் துணியில் குறித்த பிறகுதான் வேலைப்பாடு தொடங்க வேண்டும், அக்குள் பக்கம் மணி வரவே கூடாது. கையின் வெளிப்பக்கத்தில் மட்டும் போட்டால் போதும், உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே வைத்த மணி விலாத் தோலைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

பாரமான வேலைப்பாட்டுக்குப் பணம் போதாதே என்று கவலைப்படும் பிள்ளைகளுக்கு நான் மருதமுனைக் கைத்தறியை எடுத்துக் காட்டுவேன். சுனாமி அடித்துப் போட்ட ஊர், திரும்ப எழுந்து நெய்கிறது. அந்தப் பருத்திச் சேலையின் கரை நிறத்தில் ஒரு படகுக் கழுத்துப் பிளவுஸ், முழங்கைக்குச் சற்று மேல் வரை கை, கழுத்து விளிம்பில் ஒரு மெல்லிய பைப்பிங். கச்சான் காற்றிலும் குளிர்ச்சியாக இருக்கும், படத்தில் வரும் எந்தப் பிளவுஸுக்கும் குறையாது. ஒன்று மட்டும், அதை உடுத்திக்கொண்டு கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியில் போகும்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பின்னால் இருந்து போகிறவர்கள் இன்னும் கவனம். இந்தியாவில் மோட்டார் சைக்கிளுக்கு, பின் சில்லில் சேலை சிக்காமல் தடுக்கும் சேலைக் காப்பு பூட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கிருந்து வந்த வண்டியில் அதைக் கழற்றி எறிந்திருந்தால் திரும்பப் பூட்டுங்கள்.

கடைசியாக, துணி கொடுக்கும்போதே ஒன்றைக் கேட்டு வையுங்கள்: பக்கத் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விடுவீர்கள்? நான் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் விடுவேன். போன மாதம் ஒருவர் தன் கலியாணப் பிளவுஸைக் கொண்டுவந்தார். ஆறு வருடத்துக்கு முன் நானே தைத்தது. இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு அது ஏறவில்லை. "இனி இது எனக்கில்ல, தங்கச்சிக்குச் சின்னனாக்கித் தாங்க அக்கா" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் விட்டுத் தைத்து, போட்டுப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, நான் கேட்காமலே இரண்டு கையையும் தூக்கினார். பிளவுஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. தங்கச்சிக்கு வேறு துணி எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, அதைக் கழற்றாமல் மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.