போல்ட் பொருந்தினால் ஸ்பிராக்கெட் பொருந்தியதாக ஆகாது

பெல்ட்டில் ஓடும் வண்டிகள் டெல்டாவிலும் பெருகிவிட்டன. முன்பெல்லாம் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பெல்ட் வண்டி என்றால் யாரோ ஒருவர் ஆசையாக வைத்திருக்கும் ஹார்லி டேவிட்சன்தான். இன்று ஏதர் 450, ஓலா எஸ்1 புரோவின் முதல் இரண்டு தலைமுறை, ரிவோல்ட் ஆர்வி400 எல்லாமே பல் வைத்த பெல்ட்டால்தான் பின் சக்கரத்தைச் சுற்றுகின்றன. ஆனால் நம் ஸ்பேர் கடைகளின் கண்ணும் பட்டறைகளின் கையும் பழகியிருப்பது செயின் செட்டுக்கு. "பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு, போட்டுப் பாருங்க" என்பது செயினிலேயே அரைகுறையாகத்தான் செல்லும். பெல்ட்டில் செல்லவே செல்லாது.

நான் இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறவன். பெல்ட் அறுந்து வரும் வண்டியைவிட, பொருந்தாத பெல்ட்டையோ, அது சுற்றி ஓடுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டையோ மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும் வண்டிதான் எனக்குப் பயம் தருகிறது. "அண்ணே, போல்ட்டெல்லாம் கரெக்டா விழுந்துச்சு. ஆனா கெளம்பும்போது டக்குனு ஒரு சத்தம்" என்று வருவார்கள். போல்ட் துளை பொருந்தினால் அந்த ஸ்பிராக்கெட்டை வண்டியில் மாட்ட முடியும், அவ்வளவுதான். பெல்ட் அதில் சரியாக உட்காருமா என்பது வேறு கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆக்டிவா, ஜூபிடர் போன்ற பெட்ரோல் ஸ்கூட்டர்களின் எஞ்சின் கவருக்குள்ளும் பெல்ட் உண்டு. அதன் உள்பக்கமும் பல் பல்லாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெல்ட் இழுப்பது பல்லால் அல்ல, பக்கவாட்டு உராய்வால். உள்பக்க வெட்டுகள் பெல்ட் வளைந்து கொடுப்பதற்காக இருப்பவை. நான் இங்கே சொல்வது வெளியே தெரிகிற, பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற பெல்ட்டைப் பற்றி.

இந்தப் பெல்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது பிட்ச். ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடு வரை உள்ள தூரம் அது. 8 மி.மீ., 11 மி.மீ., 14 மி.மீ. என்று வருகிறது. பெல்ட்டின் பிட்ச்சும் ஸ்பிராக்கெட்டின் பிட்ச்சும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். "கொஞ்சம் வித்தியாசம்தானே, ரப்பர்தானே, இழுத்துக் கொடுக்கும்" என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 70 பல் உள்ள பின் ஸ்பிராக்கெட்டில் பெல்ட் ஏறக்குறைய பாதிச் சுற்றைப் பிடித்திருக்கும். அதாவது ஒரே நேரத்தில் 35 பல் கடித்திருக்கும். பல்லுக்கு 0.1 மி.மீ. தவறு என்றால் 35 பல்லில் 3.5 மி.மீ. ஆகிவிடும். 8 மி.மீ. பிட்ச் உள்ள பெல்ட்டில் அது கிட்டத்தட்ட அரைப் பல். பெல்ட் அங்கே பள்ளத்தில் உட்காராமல் பல்லின் முதுகில் ஏறப் பார்க்கும். இழுத்துக் கொடுக்கவும் கொடுக்காது. ஏனென்றால் வெளியே ரப்பராகவோ பாலியூரித்தேனாகவோ தெரிந்தாலும் உள்ளே ஓடுவது அராமிட் அல்லது கார்பன் நார். நீளாமல் இருப்பதற்காகவே அந்த நாரைப் போட்டிருக்கிறார்கள்.

பிட்ச் சரியாக இருந்தும் பெல்ட் கெடுவதற்குக் காரணம் பல்லின் வடிவம். இதைத்தான் கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் அதிகம் தவற விடுகிறார்கள். பழைய வகைப் பல் சரிவகம் போல மேலே தட்டையாக இருக்கும். எச்டிடி என்கிற வகையில் பல் அரைவட்டமாக இருக்கும். அதற்கு அப்புறம் வந்த ஜிடி வகையில் அந்த வளைவை மாற்றி அமைத்திருக்கிறார்கள். எச்டிடி, ஜிடி இரண்டுமே 8 மி.மீ. பிட்ச்சில் கிடைக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றின் பெல்ட்டை மற்றதன் ஸ்பிராக்கெட்டில் போட்டால் கையால் சுற்றும்போது நன்றாகவே ஓடும். ஆள் ஏறி ஆக்சிலேட்டரை முறுக்கியதும் பாரம் பல்லின் பக்கம் முழுவதிலும் விழாமல் ஓரிடத்தில் மட்டும் விழும். பல்லின் அடி வெடிக்க ஆரம்பிக்கும். பிறகு ஒருநாள் பல் தாண்டும்.

மின்சார வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டதும், மோட்டாரையே பிரேக்காக்கும் ரீஜென் பிரேக் எதிர்த் திசையில் இழுக்கிறது. பெல்ட்டின் பல் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. வடிவம் பொருந்தாத ஜோடியில் ஒவ்வொரு முறையும் நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டிப் போய் மோதும். கிளம்பும்போதும் விடும்போதும் வருகிற அந்த டக் சத்தம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து. அரிசி ஆலைகளுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் பெல்ட் விற்கும் கடைகள் டெல்டா நகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. கம்பெனி பெல்ட் வர நாளாகும் என்றதும் பழைய பெல்ட்டை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய்விடுகிறார்கள். அங்கே எண் பார்த்துத் தருவார்கள். உதாரணத்துக்கு 960-8எம்-20 என்று இருந்தால் சுற்றளவு 960 மி.மீ., பிட்ச் 8 மி.மீ., அகலம் 20 மி.மீ. என்று அர்த்தம். 960-ஐ 8-ஆல் வகுத்தால் 120 பல். மூன்று அளவும் ஒத்துப்போகிற பெல்ட் கிடைத்தும்விடலாம். ஆனால் இயந்திரங்களுக்கான சாதாரண எச்டிடி ரப்பர் பெல்ட்டுகளில் உள்ளே இருப்பது பெரும்பாலும் கண்ணாடி நார். ஒரே வேகத்தில் சீராக ஓடும் வேலைக்கு அது போதும். குழியில் இறங்கி ஏறி, இரண்டு பேரையும் ஒரு மூட்டையையும் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை மேட்டில் ஏறுகிற வண்டிக்கு அது போதாது. அளவு மட்டும் சரி, வலு சரியில்லை. இந்த விஷயத்தில் நான் எந்தச் சமரசமும் சொல்ல மாட்டேன்: ஆலை பெல்ட்டை வண்டியில் போடாதீர்கள்.

எண் அழிந்துபோன பெல்ட் என்றால் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு முழுச் சுற்றும் எண்ணுங்கள். தட்டையாக வைத்துப் பத்துப் பல் இடைவெளியை அளந்தால் 80 மி.மீ. வருகிறதா, 110 மி.மீ. வருகிறதா, 140 மி.மீ. வருகிறதா என்று பிட்ச் தெரிந்துவிடும். சில கம்பெனிகள் நீளத்துக்குப் பதிலாகப் பல் எண்ணிக்கையையே அச்சிடும். அதையும் மனதில் வையுங்கள்.

பல் எண்ணிக்கையை மாற்றும் ஆசை இளைஞர்களிடம் இருக்கிறது. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் டாப் ஸ்பீட் கூடும், பின்னால் கூட்டினால் இழுவை கூடும் என்பது செயின் வண்டியில் பழகிய பாடம். செயினில் ஒரு கண்ணியைக் கூட்டலாம், குறைக்கலாம். பெல்ட் ஒரே வளையம், வெட்டி ஒட்ட முடியாது. 8 மி.மீ. பிட்ச்சில் பின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூடினால் பெல்ட்டுக்கு ஏறக்குறைய 4 மி.மீ. கூடுதல் நீளம் தேவை, அதற்குப் பின் சக்கர அச்சான ஆக்சில் சுமார் 2 மி.மீ. முன்னால் நகர வேண்டும். இரண்டு மூன்று பல் மாற்றினால் அட்ஜஸ்ட்டரில் இடமே இருக்காது. வேக அளவி மோட்டார் அல்லது கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து கணக்கு எடுக்கும் வண்டியில் மீட்டரும் தவறாகக் காட்டும். வாரண்டி பேச்சு எழுந்தால் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்.

சரி, பிட்ச், பல் வடிவம், எண்ணிக்கை, அகலம் எல்லாம் ஒன்று. இன்னும் சக்கரத்தோடு சேரும் இடம் இருக்கிறது. போல்ட் துளைகளின் வட்டம் ஒன்றாக இருந்தாலும் நடுத் துளை ஒரு மி.மீ. பெரிதாக இருந்தால் ஸ்பிராக்கெட் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் மையமாக உட்காராது. வண்டியை ஸ்டாண்டில் போட்டுச் சுற்றினால் பெல்ட் ஓரிடத்தில் இறுகி இன்னோர் இடத்தில் தளரும். அதே போல ஸ்பிராக்கெட் உள்பக்கம் எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதும் முக்கியம். அது 2 மி.மீ. மாறினாலும் முன் ஸ்பிராக்கெட்டும் பின் ஸ்பிராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்காது, பெல்ட் ஒரு ஓரத்தையே தேய்த்துக்கொண்டு ஓடும். கீச்சென்ற சத்தம் வருகிற பெல்ட் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங்ஆர்ம் வண்டியோடு சேரும் பிவட்டிலிருந்து ஆக்சில் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.

பெயரை மட்டும் சொல்லி ஸ்பேர் கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ஓலா எஸ்1 புரோ என்ற ஒரே பெயரில் மூன்றாம் தலைமுறை செயினுக்கு மாறிவிட்டது. ரிவோல்ட்டில் ஆர்வி400-க்குப் பெல்ட், ஆர்வி1-க்குச் செயின். இந்தியாவில் விற்ற ஹார்லி ஸ்ட்ரீட் 750 பெல்ட்டில் ஓடும். 2023-ல் வந்த எக்ஸ்440 செயின் வண்டி. வெளிநாட்டிலிருந்து இறக்கிய பழைய பெரிய ஹார்லிகளில் 1999 வரைக்கும் ஒரு வகை பின் ஸ்பிராக்கெட் (புல்லி), 2000-க்குப் பின் வேறு வகை. கடையில் கேட்கும்போது தயாரிப்பு ஆண்டும் மாதமும், எந்த வேரியன்ட் என்பதும், ஆர்சி புத்தகத்தில் உள்ள 17 எழுத்து எண் கொண்ட சேசிஸ் நம்பரும் கையில் இருக்கட்டும். சேசிஸ் நம்பரைப் போட்டால் கம்பெனி கணினியில் சரியான பார்ட் நம்பர் வந்துவிடும்.

செயின் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 420, 428 என்கிற செயின் அளவுகள் இரண்டும் அரை அங்குலப் பிட்ச்தான். அதனால் 420 ஸ்பிராக்கெட்டில் 428 செயின் ஏறிவிடும். ஆனால் ரோலர் விட்டம் 420-ல் 7.77 மி.மீ., 428-ல் 8.51 மி.மீ. பள்ளத்தில் ரோலர் அடிவரை உட்காராது, அகலத்திலும் ஆட்டம் இருக்கும். ஏறியது என்பதற்காக ஓட்டாதீர்கள்.

நம் ஊர்ச் சாலை பெல்ட்டுக்கு என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் தார்ச் சாலையிலேயே நெல் காயப் போடுகிறோம், வைக்கோலைப் பரப்பி வைக்கிறோம். அதன் மேல் போகும்போது நெல்மணியும் சிறு ஜல்லியும் பெல்ட்டுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் மாட்டுகின்றன. ஒரு சின்னக் கல் போதும், உள்ளே உள்ள நாரை அது நசுக்கிவிடும். வெளியே ஊசித்துளை மாதிரிதான் தெரியும். அந்த அடையாளம் பெல்ட்டின் ஓரத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். நடுவில் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான், தள்ளிப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டல் சேறு பற்களுக்கு நடுவில் புகுந்து காய்ந்துவிட்டால் பெல்ட் மேலே தூக்கப்பட்டு இறுகும். அந்த இறுக்கம் பேரிங்கில் போய் விழும். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் ஸ்பிராக்கெட்டின் மேல்பூச்சு சீக்கிரம் அரிக்கும், அங்கே இருப்பவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது அடிப்பக்கம் டீசல் தெளிக்கும் வழக்கம் இருக்கிறது. பெல்ட் வண்டி என்று முன்கூட்டியே சொல்லி அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். சத்தம் வருகிறது என்று வேஸ்ட் ஆயில், செயின் லூப், மண்ணெண்ணெய் எதையும் பெல்ட்டில் விடாதீர்கள். பெல்ட் எண்ணெய் கேட்பதே இல்லை.

வாங்கும் இடத்திலும் கண் வேண்டும். மடித்து நூல் கட்டி ஆணியில் தொங்கவிட்ட பெல்ட்டை வாங்க வேண்டாம். இறுக்கமாக மடித்த இடத்தில் கார்பன் நார் உள்ளுக்குள்ளேயே ஒடிந்திருக்கும். புதுப் பெல்ட் என்று போடுவீர்கள், சில மாதத்தில் அந்த இடத்திலேயே அறும். மாட்டும்போதும் அப்படித்தான். ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பி ஏற்றக் கூடாது. ஆக்சிலை முழுக்கத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, கையாலேயே போட வேண்டும். முன் ஸ்பிராக்கெட்டின் நட் சில வண்டிகளில் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும். பார்க்காமல் இம்பாக்ட் கன் வைத்தால் ஷாஃப்ட்டே போய்விடும்.

தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுப் பெல்ட் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பல்லின் பக்கத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். மேல்பூச்சு போய் ஒரு படி தட்டினால் போடக் கூடாது, அந்த ஸ்பிராக்கெட் புதுப் பெல்ட்டை அரம் மாதிரி அறுத்துவிடும். பெல்ட்டையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் ஒரே செட்டாக மாற்றுவது செலவுதான். அறுவடைப் பணம் வரும் வரை பொறுங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் இரவில் ஆற்றங்கரைச் சாலையில் பெல்ட் அறுந்தால் இழுவையோடு ரீஜென்னும் போய்விடும். அதுவரை ரீஜென்னையே நம்பி ஓட்டிப் பழகியவர் அந்த நொடியில் தடுமாறுவார். பணம் உடனே இல்லை என்றால் அதுவரை அந்த வண்டியில் பின்னால் ஆளையும் மூட்டையையும் ஏற்றாமல் நிதானமாக ஓட்டுங்கள்.

பில் வாங்கும்போது "பெல்ட் 1" என்று எழுத விடாதீர்கள். பார்ட் நம்பரை எழுதச் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனால் அது ஒன்றுதான் பேசும். மாட்டிய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை, வண்டி ஆறியிருக்கும்போது, சக்கரத்தைச் சுற்றி பெல்ட் இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வைத்து டென்ஷன் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தணிய வேண்டும் என்ற அளவு வண்டியோடு வந்த புத்தகத்திலோ சர்வீஸ் புத்தகத்திலோ இருக்கும். என் பட்டறையில் அதற்குக் காசு வாங்குவதில்லை. மாட்டிய பட்டறையிலேயே கேளுங்கள், பார்த்துக் கொடுப்பார்கள்.