மாடு அசைபோட்டால் செரிக்கும், மனசு அசைபோட்டால்?

கணக்குத் தேர்வில் ஐந்தாவது கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும்: அந்தக் கேள்வி போச்சு, அப்படின்னா பேப்பரே போச்சு, எனக்குக் கணக்கு வரவே வராது, நான் எதுக்கும் லாயக்கில்லை. ஒரு கேள்வியில் கிளம்பி மொத்த ஆளையும் தள்ளுபடி செய்ய அரை நிமிஷம்கூட ஆகாது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

இதைத்தான் அசைபோடுவது என்கிறோம். உளவியலில் இதற்கு இருக்கும் ‘ரூமினேஷன்’ என்ற ஆங்கிலப் பெயரும் மாடு அசைபோடுவதிலிருந்து வந்ததுதான். என்ன, மாட்டுக்காவது செரிக்கும்.

இந்தப் பழக்கத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா. 1989-இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பதில் வாங்கி வைத்திருந்தார். அடுத்த இரண்டு வாரத்தில், அக்டோபர் 17 அன்று, லோமா ப்ரியட்டா நிலநடுக்கம் அந்தப் பகுதியையே உலுக்கிவிட்டது. யாரும் திட்டம்போட்டு நடத்த முடியாத சோதனை, தானாக அமைந்துவிட்டது. பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களைத் திரும்ப விசாரித்தார். ஏற்கெனவே அசைபோடும் பழக்கம் உள்ளவர்கள்தான் அதிகச் சோர்வில் இருந்தார்கள். நிலநடுக்கத்துக்கு முன்பே இருந்த சோர்வைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதும் அப்படித்தான். அடி எல்லோருக்கும் விழுந்தது, அதைத் திரும்பத் திரும்ப மென்றவர்களுக்கு வலி தங்கிவிட்டது.

இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், அசைபோடும்போது நாம் ஏதோ பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருப்பது போலவே தோன்றும். தீர்ப்பதில்லை. மனசு சோர்ந்திருக்கும் நேரத்தில் நினைவும் சோர்வான சம்பவங்களையே முதலில் எடுத்துக் கொடுக்கும், அதனால் ‘நான் ஏன் இப்படி இருக்கேன்’ என்று கேட்டால் எட்டாம் வகுப்பில் வாங்கிய திட்டுவரை சாட்சிக்கு வந்து நிற்கும், நன்றாக எழுதிய தேர்வு ஒன்றுகூட ஞாபகத்துக்கு வராது. தூக்கம் கெட்டிருந்தால் இன்னும் மோசம். ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, பயத்துக்கு மணி அடிக்கும் அமிக்டலா தூங்கியவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது. ராத்திரி ஒரு மணிக்குத் தோன்றுவதை அப்படியே நம்ப வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, நினைக்காமல் இருந்துவிடலாமா? 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் அதைத்தான் சோதித்தார். வெள்ளைக் கரடியை மட்டும் ஐந்து நிமிஷம் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இதைவிட விசேஷம், அப்புறம் தாராளமாக நினைக்கலாம் என்று விட்டதும், முதலில் அடக்கியவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. நினைக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளக்கூட மனசின் ஒரு ஓரம் கரடியைக் கவனித்தபடியே இருக்க வேண்டுமே! அதனால்தான் ‘அதையெல்லாம் நினைக்காதே, பாசிட்டிவா இரு’ என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

உதவுவது கேள்வியை மாற்றுவது. ‘ஏன் எனக்கு மட்டும்’ என்பதற்கு அடி முடி கிடையாது. ‘ஐந்தாவது கேள்வியில் எந்த வரியில் நின்றேன், நாளைக்கு அதை யாரிடம் கேட்கலாம்’ என்பதற்குப் பதில் உண்டு, கிடைத்ததும் மனசு அடுத்த வேலைக்கு நகரும். எட்வர்டு வாட்கின்ஸ் என்ற உளவியலாளர் இந்த மாதிரித் துல்லியமாக யோசிப்பதையே ஒரு பயிற்சியாக ஆக்கியிருக்கிறார். ராத்திரியில் இதுவும் முடியவில்லையா, எழுந்து ஒரு தாளில் எழுதிவிட்டுப் படுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படியே போய், சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் தடுமாறினால் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும். சாகலாம் போல இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே, தனியாக இருக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி உடனே உதவிக்குப் போங்கள்.

ஆலோசகர் என்ன செய்வாரோ என்று பலருக்குப் பயம். ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் தொடங்கிவைத்த பேச்சு சிகிச்சை முறையில், ஆலோசகர் அனேகமாக ஒரு தாளைக் கொடுத்துக் கட்டம் போடச் சொல்வார். என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, அதற்கு என்ன ஆதாரம். இரண்டாவது கட்டத்தில் ‘பேப்பரே போச்சு’ என்று எழுதுவீர்கள். மூன்றாவதில் எழுத அந்த ஒரே ஒரு கேள்விதான் இருக்கும், அதுவும் பாதி.