அடிவயிற்று வலி எல்லாம் கர்ப்பப்பை வலி அல்ல

"கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டர், தொல்லை விட்டது" என்று கேட்டு வரும் பெண்கள் தர்மபுரிப் பக்கம் குறைவில்லை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று எங்கிருந்து வந்தாலும் கையில் ஒரு கட்டு ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். எல்லாம் நார்மல். வலி மட்டும் ஆறு மாதத்துக்கு மேலாகப் போகவில்லை.

இவர்களிடம் மாதவிடாய் பற்றிக் கேட்ட கையோடு, வெளிக்குப் போவது பற்றியும் கேட்பேன். கூட வந்த மாமியாரை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் பலருக்குப் பேச்சே வரும். வெளிக்குப் போனால் வலி குறைகிறதா, கூடுகிறதா? சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதியா? வயிறு உப்புகிறதா? ஆமாம் என்றால் ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோயும் கூட இருக்கலாம். நாள்பட்ட அடிவயிற்று வலியோடு இது அடிக்கடி சேர்ந்தே வரும்.

பெருங்குடல், சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை மூன்றின் வலி நரம்புகளும் தண்டுவடத்தில் பெரும்பாலும் ஒரே பகுதிக்குத்தான் போய்ச் சேர்கின்றன. ஒன்று நெடுநாள் தொந்தரவு கொடுத்தால் மற்றவையும் சின்னச் சின்ன உணர்வைக்கூட வலியாகச் சொல்ல ஆரம்பிக்கும். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் சிலருக்கு அதே வலி தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்கள் சிறுநீரையும் மலத்தையும் மணிக்கணக்கில் அடக்குகிறார்கள். வலிக்குப் பயந்து உடம்பை இறுக்குவதும் சேர்ந்துகொள்ள, இடுப்பின் அடித்தளத் தசைகள் தளரவே மறந்துவிடுகின்றன. அப்புறம் யூடியூப் பார்த்து, அந்தத் தசைகளை இறுக்கிப் பழகும் கீகல் பயிற்சி வேறு! இறுகிய தசையை அது இன்னும் இறுக்கும். இவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி: வயிறு எழும்ப மூச்சை இழுத்து மெதுவாக விடுவது. மற்றதை பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் சிலருக்கு ஆகாது. கிருஷ்ணகிரி மாம்பழ சீசனில் வயிறு உப்பி வருகிறவர்களும் உண்டு. சில வாரம் குறைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எல்லாவற்றையும் நிரந்தரமாக விட வேண்டாம். பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டுத் தாளித்தால் மணம் இருக்கும், உப்புசம் இருக்காது. மலச்சிக்கல் உள்ளவர்கள் இசப்கோலைக் கொஞ்சமாகத் தொடங்கி, நிறையத் தண்ணீர் குடிக்கலாம். மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் மாத்திரையை நரம்பு வலிக்காகக் குறைந்த அளவில் எழுதினால், "இது மனநோய் மாத்திரை" என்று யாரோ சொல்ல, நிறுத்திவிடுகிறார்கள். அதே மருந்துதான், வேலை வேறு.

மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது குத்தி வலித்தால் எண்டோமெட்ரியோசிஸையும் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) பார்க்க வேண்டும். சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் உடனே பரிசோதனை அவசியம். 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வயிறு உப்பி வலித்தால், சினைப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஐபிஎஸ் பேச்சு.