டிக்டாஃபோன் – சொற்பதிவி

டிக்டாஃபோனைத் தமிழில் எழுத வரும்போது பலரும் 'ஒலிப்பதிவுக் கருவி' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பாட்டைப் பதிவதும் ஒலிப்பதிவுக் கருவிதான், பறவைக் குரலைப் பதிவதும் அதுதான். டிக்டாஃபோன் வேறு வேலைக்காகப் பிறந்தது. வழக்கறிஞரோ மருத்துவரோ சொல்லிவிட்டுப் போய்விடுவார்; பிறகு வேறொருவர் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வார். அதுவரை பேச்சைக் காத்து வைத்திருப்பது இந்தக் கருவி.

பெயரில் முன்பாதி இலத்தீன், பின்பாதி கிரேக்கம். இலத்தீன் 'டிக்தாரே' என்பதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், பிறர் எழுதுவதற்காகச் சொல்லுதல் என்று பொருள். சொன்னபடி செய்ய வைப்பதும் அதே சொல்லில் அடங்கும் என்பதால் 'டிக்டேட்டர்' என்ற சர்வாதிகாரியும் இந்த வேரில்தான் முளைத்தார். கவிதை புனைவதைக் குறிக்கும் ஜெர்மன் வினைச்சொல்லும் இதிலிருந்து வந்ததே. சர்வாதிகாரியும் கவிஞரும் பங்காளிகள்! 'ஃபோனே' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குரல் என்று பொருள்.

'டிக்டாஃபோன்' 1907இல் கொலம்பியா என்ற ஒலிப்பதிவு நிறுவனம் பதிவு செய்த வணிகப் பெயர். கருவியின் கதை அதற்கு முந்தையது. 1877இல் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்க வைக்கும் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசன், மறு ஆண்டு அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது சுருக்கெழுத்தர் இல்லாமல் கடிதம் சொல்லுவதைத்தான் முதலில் வைத்தார். இசை பின்னால்தான் வந்தது. பெயர் பரவியபின் எல்லா நிறுவனங்களின் கருவிகளையும் மக்கள் டிக்டாஃபோன் என்றே அழைத்தார்கள். ரஷ்ய மொழியில் இன்றைக்கும் சட்டைப்பைக்குள் அடங்கும் எந்தக் குரல் பதிவுக் கருவிக்கும் அதுதான் பெயர்.

தொடக்கத்தில் பேச்சு மெழுகு உருளையில் பதிந்தது. குழாயில் வாய் வைத்துப் பேசினால் ஊசி மெழுகில் கோடு கீறும். கடிதம் தட்டச்சாகி முடிந்ததும் உருளையைச் சீவும் இயந்திரத்தில் மாட்டி மேல்தோலை மெல்லிதாகச் சீவி எடுத்துவிட்டு மறுபடியும் அதிலேயே பேசுவார்கள். நேற்றைய கடிதங்கள் மெழுகுத் துருவலாகத் தரையில் கிடக்கும். 1947இல் பிளாஸ்டிக் பட்டை வந்தது. அதில் பதிந்த பள்ளத்தை அழிக்க முடியாது. காந்த நாடா வந்தபின் கருவி சுருங்கிக்கொண்டே போனது: 1967இல் ஃபிலிப்ஸின் மினிகேசட், 1969இல் ஒலிம்பஸின் மைக்ரோகேசட். 1990களில் நாடாவும் போய் மின்னணுக் கோப்பு வந்தது.

இவ்வளவு மாறியும் தட்டச்சரின் காலடியில் இருந்த மிதி மட்டும் விலகவில்லை. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், மறுபடி மிதித்தால் இரண்டொரு சொல் பின்வாங்கித் தொடங்கும். கைகள் விசைப்பலகையை விட்டு எழ வேண்டியதில்லை. பாட்டுக் கேட்பவருக்கு எதற்கு இந்த ஏற்பாடு? இந்த மிதியைப் பார்த்தாலே 'ஒலிப்பதிவுக் கருவி' போதாது என்பது விளங்கிவிடும்.

'குரல்பதிவி' என்றால் ஓரளவு நெருங்குகிறோம். ஆனாலும் அதில் எழுத்தின் வாடையே இல்லை. பள்ளிக்கூடத்துச் 'சொல்வதெழுதுதல்' பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறது, கருவிக்குச் சூட்டத்தான் நீளம். என் தேர்வு 'சொற்பதிவி'. இங்கே பதிவது ஓசைக்காக அன்று, சொல்லுக்காக. மண்வெட்டி, தொலைபேசி போல இகரத்தில் முடிவதால் கருவிப் பெயர் என்பதும் தெரிகிறது. சிலர் 'சொல்பதிவி' என்று எழுதக்கூடும். சொல்லைப் பதிவது என்று விரிவதால் லகரம் றகரமாகத் திரிவதே முறை.

பேசப் பேசத் தானே எழுதித் தரும் இன்றைய மென்பொருளுக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அதைச் 'சொல்லெழுதி' என்று அழைக்கலாம். தட்டச்சரிடம் "காற்புள்ளி" என்று சொன்னால் அந்தக் குறியை வைத்துவிட்டு நகர்வார். சொல்லெழுதி சில நேரம் 'காற்புள்ளி' என்று முழுதாக எழுதிக் காட்டுகிறது.