வீட்டுக்குள் எதற்குப் பள்ளிக்கூட மணி?

மூன்று வருடங்களுக்கு முன் ஈரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பது வயதுப் பையன். பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கத் தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. ஹாலில் புது வெள்ளைப் பலகை, அதன் ஓரத்தில் எட்டு பீரியட் போட்ட கால அட்டவணை, ஸ்டூல் மேல் பூஜை அறையிலிருந்து எடுத்து வந்த மணி. ஒவ்வொரு பீரியடும் முடிந்ததும் அம்மா மணி அடிப்பாராம். நான் போனபோது நேரம் பத்தரை. அட்டவணைப்படி கணக்கு பீரியட். பையன் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தான். அம்மா சமையலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

"ஸ்கூல்ல ஒரு மிஸ் நாப்பது புள்ளைங்கள வெச்சுச் சமாளிக்கறாங்க. என்னால ஒருத்தன உக்கார வெக்க முடியலைங்க மேடம்" என்றார்.

நான் சிறப்புக் கல்வியாளர். எழுத்திலும் வாசிப்பிலும் கணக்கிலும் திணறுகிற பிள்ளைகளோடு பதினேழு வருடமாக வேலை. என்னிடம் வரும் பெற்றோரில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைப்பவர்களும் உண்டு. சிலர் ஆசைப்பட்டு, யோசித்து எடுத்த முடிவு. பலருக்கு வேறு வழி தெரியவில்லை: தினமும் காலையில் பிள்ளைக்கு வயிற்று வலி, வகுப்பில் கேலி, 'உங்க பையனுக்கு இந்த ஸ்கூல் சரிப்படாது' என்று ஒரு பேச்சு. எப்படி வந்தவர்களானாலும் சரி, நான் பார்த்தவரை வீட்டுக் கல்வி பாடத்தால் நின்றுபோவதில்லை. சொல்லிக்கொடுக்கிற ஆள் களைத்துப் போவதால்தான் நின்றுபோகிறது. அந்த ஆள் அநேகமாக அம்மா. அதனால் பிள்ளையைப் பற்றி எழுதுவதைவிட உங்களைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த அட்டவணை. நாற்பது நிமிட பீரியட் என்பது நாற்பது பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. வருகைப் பதிவு, நோட்டு எடுக்கச் சொல்வது, பேசுகிறவனை அதட்டுவது, கடைசி பெஞ்சு எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது, எல்லாம் போக மிச்சம்தான் பாடம். வீட்டில் இந்தச் சேதாரம் கிடையாது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பது போதும், அதுவும் பதினைந்து இருபது நிமிடத் துண்டுகளாக. பத்து பதினொரு வயதில் இரண்டு மணி நேரம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. 'மீதி நேரம் என்ன பண்ணுவான்?' என்று கேட்பார்கள். மாவு ஆட்டுவான், சைக்கிள் துடைப்பான், எறும்பைப் பார்ப்பான், சும்மா இருப்பான். சும்மா இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பதறாமல் இருக்கப் பழகுவதுதான் இதில் உங்களுக்கு இருக்கும் கஷ்டமான வீட்டுப்பாடம்.

பள்ளியில் மனம் அடிபட்டு வந்த பிள்ளைக்கு ஆரம்பத்தில் அதுகூட வேண்டாம். அந்த ஈரோட்டுப் பையனுக்கு நோட்டைப் பார்த்தாலே உள்ளங்கை வேர்த்தது. இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடாதீர்கள் என்றேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "சும்மா விட்டா கெட்டுப் போயிருவானுங்களே" என்றார். சரி, அப்புச்சியின், அதாவது அம்மாவுடைய அப்பாவின், மளிகைக் கடைக்காவது அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பழைய தகர டின்கள், மேலே பெயின்ட்டில் பெயர். அப்புச்சி "கசகசா எட்றா" என்றதும் பையன் ஓடிப்போய் ஒரு டின்னைத் தூக்கி வந்தான். கடுகு. "சோம்பு" என்றால் சோம்பு சரியாக வந்தது. இன்னொரு முறை "கடலைப்பருப்பு" கேட்டதற்குக் கருப்பட்டி டின் பக்கம் போய், மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். அப்போதுதான் பிடிபட்டது. இவன் முதல் எழுத்தை மட்டும் படிக்கிறான், மீதியை ஊகிக்கிறான். 'க'வில் தொடங்கும் டின்கள் மூன்று நான்கு இருக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறான். இரண்டு வருடம் வகுப்பில் இவனை 'கவனமில்லாத பையன்' என்று சொல்லியிருக்கிறார்கள். பாவம், அவனளவுக்குக் கவனமாக இருந்தவர்கள் குறைவு. சொல்லை எட்டிப் பிடிக்க அவன் படம், வாசனை, டின்னின் நிறம் எல்லாவற்றையும் பயன்படுத்திக்கொண்டிருந்தான்.

பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எந்த ஆசிரியருக்கும் எளிதில் வாய்க்காது. உங்களுக்கு தினமும் இருக்கிறது. பி.எட். படிக்கவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு 247 எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டாதீர்கள். வளர்ந்தவர்களுக்கே அதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ட, ப, ம என்று மூன்று எழுத்தில் தொடங்குங்கள். கோடு இழுக்கத் தெரிந்தால் ட, ப வந்துவிடும். புள்ளி வைக்கக் கற்றால் அன்றே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களாகப் படிக்கலாம். அப்புறம் கால் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம். ஒரே வாரத்தில் 'நான் படிக்கிறேன்' என்ற எண்ணம் பிள்ளைக்கு வருவது முக்கியம். ஈரோட்டுப் பையனுக்கு நாங்கள் டின்களுக்கே திரும்பினோம். கடுகு, கசகசா, கருப்பட்டி என்று எழுதிய சீட்டுகளை நடுவில் வெட்டி, முதல் எழுத்தை மறைத்து, மீதியை மட்டும் படிக்கச் சொன்னோம். '-டுகு' என்று தனியாகப் படித்தபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கணக்குக்கு வீட்டைவிட நல்ல வகுப்பறை இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டு வாய்பாட்டை ஒப்பிக்கச் சொல்வார்கள். வீட்டு மின் மீட்டரைப் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அளவைக் குறித்து, போன வாரத்ததைக் கழித்து, எத்தனை யூனிட் என்று எழுதட்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். பில் வருவதற்கு முன் தொகையைக் கணிக்கச் சொன்னால் கழித்தல், பெருக்கல், சராசரி எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஏசி போட்ட மாதம் வரைபடம் எப்படி எகிறியது என்று ஒரு பெண் குழந்தை தன் அப்பாவுக்குக் கிளாஸ் எடுத்ததை நான் நேரில் பார்த்தேன்.

அப்பாக்களைப் பற்றி இரண்டு வார்த்தை. இரவு எட்டு மணிக்கு வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்பது கல்வியில் பங்கெடுப்பது ஆகாது. அது இன்ஸ்பெக்ஷன். பிள்ளைக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் நடக்கும் இன்ஸ்பெக்ஷன். அதற்குப் பதில் ஒரு பாடத்தை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் முடியாவிட்டால் தூங்கும் முன் இருபது நிமிடம் கதை வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைக்குத் தானே வாசிக்கத் தெரிந்த பிறகும் இதை நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு பிற்பகல் அம்மாவுக்கு முழு விடுப்பு. அந்த நேரத்தில் துணி மடிக்கக் கூடாது. நான் இதைச் சீட்டில் மருந்துபோல் எழுதியே கொடுக்கிறேன். வேலைக்குப் போகும் அம்மா, வீட்டில் அப்பா என்றால் இதையே திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் "எந்த ஸ்கூல்டா கண்ணு?" என்று கேட்பார்கள். தப்பில்லை, பிள்ளையிடம் பேச நம் ஆட்களுக்கு வேறு கேள்வி தெரியாது. "வீட்லயே படிக்கறேன் பெரியம்மா" என்ற ஒரு பதிலைப் பிள்ளைக்கு முன்பே பழக்கிவிடுங்கள். விளக்கம் கேட்டால் அது உங்கள் பாடு. பிள்ளை எதிரிலேயே வாக்குவாதம் வேண்டாம்.

நண்பர்கள் விஷயம் அப்படிச் சாதாரணமாக விடக்கூடியதல்ல. எப்போதாவது பத்துப் பிள்ளைகளைப் பார்ப்பதால் நட்பு வராது. அதே நான்கு பேரை, அதே இடத்தில், வாரம் மூன்று முறை பார்த்தால் வரும். சிலம்ப வகுப்போ, கிளை நூலகமோ, தெருக்கோடி மைதானமோ, ஏதாவது ஒன்றைப் பிடித்து ஒரு வருடம் விடாதீர்கள். பள்ளி விடும் நேரம் பார்த்து மைதானத்துக்கு அனுப்புங்கள். காலி மைதானத்தில் காலை பத்து மணிக்குப் பந்து உதைக்கிற பிள்ளையைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

பலருக்கும் தோன்றாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பள்ளி என்பது பாடம் மட்டுமில்லை, பிள்ளையின் உடம்பை அரசு எட்டிப் பார்க்கும் இடமும் அதுதான். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) தடுப்பூசி, வருடத்துக்கு ஒரு முறையாவது கண் பரிசோதனை, குடற்புழு நீக்க மாத்திரை, வளரும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, இதெல்லாம் பள்ளி வழியாகத்தான் வருகிறது. வீட்டில் இருக்கும் பிள்ளை எந்தப் பட்டியலிலும் இருக்காது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது அங்கன்வாடியில் நீங்களே போய்க் கேளுங்கள். 'இவளுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை' என்று அழைத்து வந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கண் மருத்துவரிடம் அனுப்பினேன். கண்ணாடி போட்டதும் மாமரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது என்றாளாம். வகுப்பாக இருந்தால் கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரியவில்லை என்பதை யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். வீட்டில் எல்லாமே ஒன்றரை அடி தூரத்தில்தானே இருக்கிறது. ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழியைப் புதுப்பிக்க வேண்டியதையும் இத்துடன் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது. அதன் 10ஆவது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டில் படிப்பதை ஓர் உரிமையாக வெளிப்படையாகச் சொல்வது 2012ஆம் ஆண்டுத் திருத்தம், அதுவும் கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும். 'ஜெயில்தான்' என்று பயமுறுத்துகிறவரையும் நம்ப வேண்டாம், 'முழுக்கச் சட்டப்படி சரி' என்று அடித்துச் சொல்கிறவரையும் நம்ப வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பிள்ளையின் நோட்டுகள் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு பெட்டியில் வையுங்கள்.

தேர்வுக்கு வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், 3, 5, 8ஆம் வகுப்புக்கு இணையான மூன்று நிலைகள் உண்டு. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம். ஒரு முறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. மாநிலப் பாடத்திட்டம்தான் வேண்டும் என்றால் 12½ வயதில் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலே, எட்டாம் வகுப்பு எழுதி, அதன்பின் பத்தாம் வகுப்புக்குப் போகலாம். பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே தனியாகப் பதிய வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். தமிழ்நாடு அரசு வேலை பிள்ளையின் மனதில் இருந்தால் என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழை ஏற்பதில் சிக்கல்கள் எழுந்ததுண்டு, பதியும் முன்பே விசாரியுங்கள். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரமோ எழுத உதவியாளரோ கேட்க அந்தக் குறைபாட்டுக்கான சான்றிதழ் தேவை. கடைசி வருடம் ஓடாமல் பதிமூன்று வயதிலேயே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

திரும்பவும் பள்ளிக்குப் போக வேண்டும் என்று பிள்ளை கேட்கும் நாளும் வரலாம். கண்ணாடி போட்ட அந்தப் பெண் பதிமூன்று வயதில் கேட்டாள். அவள் அம்மா என் அறையில் உட்கார்ந்து, ஏதோ தொழில் நொடித்துப் போனவர் மாதிரி அழுதார். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம், விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் கேட்கலாம் என்று சொல்லி, அவளுடைய நோட்டுகளையும் மின் மீட்டர் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகச் சொன்னேன். தலைமை ஆசிரியர் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

முதல் வாரம் முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டேன். நான்கு பிரெண்ட்ஸ் கிடைத்துவிட்டார்களாம், மதியச் சாப்பாட்டில் முட்டை பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு குறை. "ஒரு டவுட் கேக்கணும்னா ரொம்ப நேரம் கையத் தூக்கிட்டே உக்காந்திருக்கணும் ஆன்ட்டி, கை வலிக்குது."