கோரையும் அருகும் களைவிரிப்பை மீறும் விதம்

பூப்பாத்தியில் களையை அடக்க மண்மேல் போடும் கறுப்புத் துணியான களைவிரிப்பைப் பரப்பியவர்கள், இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து அதன் மேலேயே புல் முளைத்து நிற்பதைக் கண்டு, கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று எண்ணுவதுண்டு. பெரும்பாலும் குறை சரக்கில் இல்லை. களை எந்தத் திசையிலிருந்து வரும் என்று பாராமல் விரித்ததில்தான் இருக்கிறது.

விரிப்பின் முதன்மையான வேலை மண்ணுக்கு வெளிச்சம் போகாமல் மறிப்பது. களைகளின் சிறு விதைகள் பலவற்றுக்கு முளைக்க ஈரமும் வெப்பமும் மட்டும் போதா, ஒளியின் சைகையும் வேண்டும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் முதலானோர் 1952-இல் லெட்யூஸ் என்ற சாலட் கீரையின் விதைகளைக் கொண்டு இதை விளக்கினர். சிவப்பு ஒளி பட்டால் விதை முளைக்கத் தயாராகிறது. உடனே தொலைசிவப்பு ஒளி (சிவப்பின் விளிம்பில், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) பட்டால் அந்தத் தூண்டல் அழிந்துவிடுகிறது. மாற்றி மாற்றிக் காட்டினால், கடைசியாகப் பட்ட ஒளியே முடிவு செய்கிறது. இதை உணரும் நிறமிக்குப் பின்னாளில் ஃபைட்டோகுரோம் என்று பெயர் வந்தது. கொத்திவிட்ட பாத்தியில் அடுத்த வாரமே பச்சை படர்வதற்கும் இதுவே ஒரு காரணம்: ஆழத்தில் உறங்கிய விதைகளை மண்வெட்டியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது. விரிப்பு அந்தச் சைகையை நிறுத்துவதோடு, முன்பே முளைத்த செடிகளை ஒளிச்சேர்க்கை இல்லாமல் பட்டினி போடுகிறது.

கையிருப்பு இல்லாத செடிதான் பட்டினியில் சாகும். கோரைக்கோ மண்ணுக்கடியில் கிழங்குகள் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கின்றன. ஒரு முளை அழிந்தால், அதுவரை அடங்கியிருந்த அடுத்த மொட்டு கிளம்பும். அதன் முளை நுனி இறுகச் சுருண்டு ஊசிபோல் இருப்பதால், மண்ணை மூட விரிக்கும் 25 மைக்ரான் தடிப்புள்ள பிளாஸ்டிக் மூடாக்குத் தாளை எளிதில் துளைத்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஊசிமுனை இருட்டில்தான் கூர் கெடாமல் இருக்கும். வெளிச்சம் பட்டவுடன் இலை விரிந்துவிடும். எனவே வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணாடிபோன்ற தாளின் அடியில் கோரை இலை விரித்துச் சிக்கிக்கொள்ள, கறுப்புத் தாளை அது குத்திக்கொண்டு வெளியேறுகிறது. கோரை மண்டிய இடத்தில் கிழங்குகளைத் தோண்டி எடுக்காமல் எந்த விரிப்பைப் போட்டாலும் செலவுதான் மிச்சம்.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் விரிப்புகள். தட்டையான நாடாக்களால் நெய்த வகை உறுதியானது. காலடி படும் நடைபாதைக்கும் தொட்டி வரிசைக்கும் அதுவே ஏற்றது. வெட்டிய ஓரம் பிரிந்துவிடும் என்பதால் சூடான கம்பியால் வெட்டுவது நல்லது. நெய்யாத, கம்பளிபோன்ற வகையில் நீர் நன்றாக இறங்கும். கூழாங்கல்லின் அடியில் போடலாம், ஆனால் செடிகளின் வேர் அதன் இழைகளுக்குள் பின்னிக்கொள்ளும். எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் உண்டா என்பது. அது இல்லையென்றால் நம் வெயிலில் பாலிபுரொப்பிலீனின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, விரிப்பு பொடிப்பொடியாக உதிரும்.

எவ்வளவு நல்ல விரிப்பாயினும் அதன் மேல் காற்றுத் தூசியும் சருகும் சேர்ந்து மக்கி, மெல்லிய மண்படலம் உருவாவதைத் தடுக்க முடியாது. பறந்து வரும் விதைகள் அந்தப் படலத்தில்தான் முளைக்கின்றன. அதே தூசி நெசவின் துளைகளை அடைத்து நீர் இறங்குவதைக் குறைக்க, மேலே மக்கும் சருகும் அடியிலுள்ள மண்ணைச் சென்றடைவதில்லை. இதனாலேயே பூப்பாத்திக்கு விரிப்பு வேண்டாம் என்பது என் கருத்து. தடித்த அட்டைப்பெட்டித் துண்டுகளைப் பரப்பி, நனைத்து, அதன்மேல் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகோ தென்னை மட்டைத் துருவலோ போட்டால் விதைக்களை அடங்கும். மக்கிய பின் மண்ணுக்கும் எருவாகும்.

மிச்சப்படும் பணத்தைப் பாத்தியின் ஓரத்துக்குச் செலவிடலாம். மணமக்களை ‘அருகுபோல் வேரூன்றி’ வாழச் சொல்லி வாழ்த்துவார்கள். தோட்டக்காரருக்கு அந்த வேரூன்றல்தான் தலைவலி. அருகு நிலத்தின்மேல் ஓடுதண்டாகவும் அடியில் மட்டத்தண்டாகவும் இரு வழியில் படர்கிறது. மட்டத்தண்டின் பெரும்பகுதி மேல்மண்ணில் 15 செ.மீ.க்குள் ஓடுவதால், ஓரத்தடுப்பு அந்த ஆழத்துக்காவது இறங்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் இன்னும் ஆழம் தேவைப்படும். கலவை பூசாமல் அடுக்கிய செங்கல் வரிசை பார்வைக்கு அழகு, ஆனால் ஒவ்வொரு இடுக்கும் அருகுக்கு வாசல். இணைப்பில்லாமல் நீளமாகக் கிடைக்கும் தடித்த பிளாஸ்டிக் பட்டையோ இரும்புத் தகடோ அதைவிட நன்றாக மறிக்கும். பட்டையின் மேல்விளிம்பு மண்ணுக்கு மேல் மூன்று விரற்கடையாவது நிற்கட்டும், ஏனென்றால் மண்மட்டத்தோடு புதைத்தால் ஓடுதண்டு அதை ஒரே மாதத்தில் தாண்டிவிடும். உயர்த்தி வைத்தாலும் தொற்றிக்கொண்டு ஏறும் தண்டுகளை அவ்வப்போது கத்தரிக்க வேண்டியிருக்கும்.